கணினிக்கு வைத்த பொட்டு

காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. அதன் நுனி செக்கச் செவேலென்று இருக்கிறது. ரத்தம் இல்லை, பயப்படாதே. குங்குமம். நம் கணினியின் வயிற்றுக்குள் விட்டுத் துழாவி எடுத்தது. மூக்கருகே கொண்டுபோனால் பழைய சந்தனம்கூட லேசாக மணக்கிறது. ஒரு வாரத்துக்கு மேலாகக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோவதும் திரும்ப எடுத்துவருவதுமாக இருக்கிறேன். உன்னிடம் காட்டாமல் இதை எப்படித் தூக்கிப் போடுவது?

காட்டினால் என்ன சொல்வாய் என்று தெரியும். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்பாய். பதினாறு வருட ஃபேக்டரி வாழ்க்கையில் என்னிடம் நீ அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். குச்சியைப் பார்த்ததும், நல்லவேளை அதைக் கேட்காமல் தப்பித்தோம் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ஒரே ஒரு தடவை கேட்டுத் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல் முழுக்கக் கேட்காமல் நடுவில் சிரிக்காதே.

நீ பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கணினி இரண்டு மாதமாக மக்கர் பண்ணியது. உள்ளே இருக்கும் ஹார்ட்டிஸ்க், பல்லி சொல்வதுபோல் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். பள்ளி வேன் ஒன்றுக்கு எழுத்து வெட்டிய அன்று 'பள்ளி' வரை வெட்டிவிட்டு நின்றுவிட்டது. வேன்காரர் நின்றுகொண்டே, "என்னா தங்கச்சி, வேன் போற மாதிரி கம்ப்யூட்டரும் பள்ளிக்குப் போயிடுச்சா?" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கே ஒருவர் கிண்டலா?

புதுக் கணினி வாங்கேன் என்பாய். வாங்கலாம்தான். ஆனால் வெட்டும் மிஷினுக்கு நீ ஏற்றிக் கொடுத்த புரோகிராம் கணினிக்குள் இருக்கும் இந்த ஒரு போர்டோடுதான் ஒட்டி உறவாடும். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. போர்டு செத்தால் மிஷினும் சும்மா நிற்கும். மிஷின் நின்றால் என் கடையும் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அது உன் படம்.

கடை திறந்த புதிதில் எனக்கும் இந்தக் கணினிக்கும் ஒத்துவரவே இல்லை. தட்டிவிட்டால் எழுந்து வர நாலு நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஃபேக்டரியில் நான் பெட்டி அடுக்கிய வேகம் உனக்குத்தான் தெரியுமே. எனக்கு எங்கே பொறுமை? செத்துவிட்டதோ என்று பயந்து பட்டனை அமுக்குவேன். பாதியில் அணைந்துபோகும். மறுபடி தட்டுவேன், மறுபடி அமுக்குவேன். மூன்று தடவை உள்ளே இருந்ததெல்லாம் கெட்டுப்போய், மூன்று தடவையும் நீ வந்து உட்கார்ந்து சரி செய்தாய். நாலாவது தடவை ஒரு தாளை எடுத்தாய். ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கிளாஸ் ஒன்றை வரைந்து, அதன் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாய்:

'அவசரக்குடுக்கை! பட்டனைத் தொடாதே. போய்த் தே குடிச்சிட்டு வா.'

அந்தத் தாளைப் படம் பிடித்துப் போர்டின் உள்ளேயே ஏற்றிவிட்டாய். தட்டிவிட்டதும் போர்டுக் கம்பெனியின் பெயர் வரவேண்டிய இடத்தில் உன் கிறுக்கல் கையெழுத்து வந்து நின்றது. கீழே சின்னப் புள்ளிகள் வட்டம் வட்டமாகச் சுற்ற, நாலு நிமிடமும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். "யாரு மேடம் இது, உங்க வீட்டுக்காரரா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அவருக்கு இவ்வளவு தைரியம் ஏது?" என்றேன்.

தட்டிவிட்டு நாம் இரண்டு பேரும் பக்கத்து பாய் கடைக்குப் போவோம். உனக்குப் பால் இல்லாத தே ஓ, எனக்குப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக். நீ மத்தியான ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் தினமும் நமக்குக் கிடைத்த நேரம் அதுதான். நாலு நிமிடம் என்று பேர். எழுந்து வரும்போது அரை மணி ஆகியிருக்கும். பிறகு நீ போய்ச் சேர்ந்தாய். படம் மட்டும் இரண்டு வருடமாகத் தினமும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

மாடியில் கணினி பழுது பார்க்கும் பாங் லானிடம் ஹார்ட்டிஸ்க்கைக் காட்டினேன். காதருகே வைத்துக் கேட்டார், மருத்துவர்போல உதட்டைப் பிதுக்கினார். அதிலிருந்ததையெல்லாம் சூயிங்கம் பட்டை அளவுள்ள ஒரு புது நினைவகக் குச்சியில் நகல் எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு சின்னதிலா என் கடை முழுக்க இருக்கிறது என்று கேட்டேன். "காக், உன்னைவிட இது வேகம்," என்று அக்கா முறை வைத்து மலாயில் சொன்னார். மனுஷனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

சாதாரண டப்பா மாதிரி வருவதைப் போட்டிருந்தால் இத்தனை தொல்லை இல்லையாம். ஆனால் அதைச் செருகும் வாய் நான்கில் மூன்று, போன வருடம் விழுந்த இடியில் கருகிவிட்டன. மிச்சமிருந்த ஒன்றும் தொட்டால் வரும், விட்டால் போகும். அதனால் குச்சியை ஓர் அட்டையில் பூட்டி, போர்டில் சும்மா கிடக்கும் நீளக் குழியில் செருக வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல். உன் போர்டு பழையது. இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. அதிலிருந்து எழுந்து வா என்றால் எங்கிருந்து என்று முழிக்கும். எனவே போர்டின் உள்ளே இருக்கும் பயாஸ் என்கிற அடிப்படைப் பாடத்தையே அழித்துவிட்டு, புதுச் சாமானை அடையாளம் தெரிந்த பாடத்தை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கரண்டு போனால் போர்டு அங்கேயே பிணம்.

"இன்னொன்னு, காக். உள்ளே இருக்கிற அந்தப் படமும் அழிஞ்சிடும்," என்றார் பாங் லான். "முதல்ல பழசை பென்டிரைவ்ல எடுத்து வெச்சிக்கோ. அப்புறம் புதுசை ஏத்து. திரும்பி வந்ததும் பழசிலிருந்து படத்தை நான் எடுத்துத் தர்றேன். அவசரப்படாதே. சபார், பொறுமை."

சொல்லிவிட்டு மகன் கல்யாணத்துக்காகக் கெலந்தானுக்குப் போய்விட்டார். வர ஒரு வாரம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். பென்டிரைவைச் செருகி, டெல் பட்டனைத் தட்டி, பாங் லான் வரைந்து கொடுத்த வழியே உள்ளே போனேன். திரை முழுக்க இங்கிலீஷ். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பூச்சி ஊர்வது போலத்தான். நீ சொல்லிக் கொடுத்த பாடம் மட்டும் நினைவிருந்தது: "சிவப்பு எழுத்து வந்தா கையை எடு." சிவப்பு எதுவும் வரவில்லை. பழசை எடுத்து வைக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் நம் தம்போய் ஊர் வானம் முழுக்கக் கறுத்தது. தூரத்தில் இடி உருள ஆரம்பித்தது. போன வருட இடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. மழை வருவதற்குள், கரண்டு போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கை பறந்தது.

பழசை எடுத்து வைக்கவில்லை. நேராகப் புதுசை ஏற்றிவிட்டேன்.

நீ இருந்திருந்தால், "அணைச்சிட்டு வாடி, மழை விட்டப்புறம் பாத்துக்கலாம்," என்று சொல்லிக் குடையோடு பாய் கடைக்கு இழுத்துப் போயிருப்பாய். எனக்கு அது தோன்றவே இல்லை. எண் ஒன்றிலிருந்து நூறுக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நூறு வந்தது. கணினி தானாக அணைந்து தானாக எழுந்தது. உன் கிளாஸ் இருந்த இடத்தில் போர்டுக் கம்பெனியின் பெயர் பளபளவென்று நின்றது. கையெழுத்து இல்லை. திட்டு இல்லை. அதற்குப் பிறகு ஜோகூரையே கழுவிவிடுவதுபோல் மழை பெய்தது. கரண்டு போகவே இல்லை. ஒரு நொடிகூட.

அதோடு விட்டதா? அட்டையைக் குழியில் செருகினேன். குச்சியைக் காணோம் என்றது. கழற்றிச் செருகினேன். காணோம். பாங் லானுக்குப் போன் போட்டேன். பின்னால் கல்யாணக் கொம்பாங் மேளம் அடிக்கும் சத்தம். "பாடம் சரிதான் காக், அட்டையும் சரிதான், என் கடையில போட்டுப் பாத்துட்டுத்தான் கொடுத்தேன்," என்று கத்தினார். சரி, ஏற்றியதில்தான் கோளாறு என்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்றினேன். காணோம். திங்கள்கிழமை இன்னொரு தடவை. காணோம். செவ்வாய்க்கிழமை போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மீசைக்காரர் ஒருவர் இந்தியில் விளக்கினார். அவர் கை எங்கே போகிறதோ என் கையும் அங்கே போனது. அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அவரையும் திட்டினேன்.

உன்னை அதைவிட அதிகமாகத் திட்டினேன். என்னத்தைப் பூட்டிக் கொடுத்தாய், யாருக்கும் அடங்காத உன்னைப் போலவே ஒரு பிடிவாதம் பிடித்த பெட்டியை? இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுக்காமல் அப்படி என்ன அவசரம் உனக்கு? என்னைப் போய் அவசரக்குடுக்கை என்றாயே. இருந்த இடத்தில் இருக்காமல் ஐம்பது வயதுகூட ஆகாமல் கிளம்பியது நானா, நீயா? காலிக் கடையில் நின்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாய் எட்டிப் பார்த்து, "யாருட்டம்மா சண்டை?" என்றார். "கம்ப்யூட்டர்கிட்ட பாய்," என்றேன். பொய்தான்.

எனக்கு இருந்த பெரிய பயம் வியாழக்கிழமை.

உனக்கு இது தெரியாது. நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் வியாழக்கிழமை தோறும் கடைக்கு வருகிறார். அன்றைக்கு மட்டும் லாரியைச் சிங்கப்பூருக்குத் தாமதமாக எடுப்பார். வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் கணினியைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போவேன். திரும்பி வரும்வரை அவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். படம் மறைந்ததும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "வர்றேம்மா," என்று கிளம்பிவிடுவார். ஏன் வருகிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த வியாழன் வந்து உட்கார்ந்தார். நான் தட்டவில்லை. மேசையைத் துடைத்தேன், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

"ஏம்மா, ஆன் பண்ணலியா?"

"அண்ணே, ஒரு தப்பு பண்ணிட்டேண்ணே."

"என்னா?"

"அவ படம் அழிஞ்சு போச்சு. எடுத்து வெச்சிட்டு ஏத்துன்னு பாங் லான் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இடி இடிச்சிச்சு, அவசரப்பட்டுட்டேன். நீங்க திட்டுங்க, பரவால்ல."

அவர் திட்டவில்லை. இருட்டாக இருந்த திரையைப் பார்த்தார்.

"அந்தப் பேப்பர் எங்கிட்டதான் இருக்கு," என்றார். "லாரியில, வெயில் மறைக்கிற பலகைக்குப் பின்னால சொருகி வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்குண்ணே வாரா வாரம் இங்க வந்து பாத்தீங்க? அஞ்சு நாளா சோறு இறங்கலண்ணே எனக்கு!"

"பேப்பர்ல அது சும்மா கெடக்கும்மா," என்றார். "இங்கதான் ஒன்னைத் திட்டும். அதைப் பாக்கத்தான் வந்தேன்."

நான் பாய் கடைக்கு எழுந்து போனேன். தேத்தண்ணி வாங்க என்று வைத்துக்கொள். வர நாலு நிமிடத்துக்கு மேலாயிற்று.

திரும்பி வந்தபோது மனுஷன் கணினிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் குழியில பொட்டு வெச்சியே, அதைத் தொடச்சியா?" என்றார்.

கையிலிருந்த தேத்தண்ணியை மேசைமேல் வைத்தேன்.

ஞாபகம் வருகிறதா? கடை திறந்த மறு வருட ஆயுத பூசை. நீ காலையில் வந்து கணினியைத் திறந்து தூசி தட்டிவிட்டுக் கை கழுவப் போனாய். நான் வெட்டும் மிஷினுக்குப் பொட்டு வைத்தேன், கத்திரிக்கோலுக்கு வைத்தேன், கல்லாப் பெட்டிக்கு வைத்தேன். திறந்து கிடந்த கணினியைப் பார்த்தேன். வேலை செய்வதெல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே தகரத்துக்கு வைத்து என்ன புண்ணியம் என்று போர்டிலேயே மூன்று இடத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். நீ வந்து பார்த்துப் போட்ட கூச்சலில் பாய் கடையில் ரொட்டி வீசியவர் கை நின்றுவிட்டது.

"அடிப்பாவி! போர்டுல தூசி படும்னு ஃபேக்டரியில மூஞ்சிக்குப் பவுடர் போடக்கூட விட மாட்டானுங்க. இத்தனை வருஷமா நெத்திப் பொட்டை எடுத்து லாக்கர் கதவுல ஒட்டிட்டு உள்ளே போறவ நான். நீ போர்டுக்கே பொட்டு வெக்கிறியா?"

"அதுக்கும் ஆசை இருக்காதா லா?" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாய். இரண்டைத் துடைத்து முடித்ததும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவது அந்த நீளக் குழி. "இதுல ஒண்ணும் செருகப் போறதில்ல, தப்பிச்சே," என்றாய். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாயாம். அதனால்தான் அவருக்கு நினைவிருந்தது. செய்தவள் நான், சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

காது குடையும் குச்சியை விட்டுத் துழாவினேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மூன்றாவது குச்சியில் சிவப்பு வந்தது. ஐந்து நாளாகப் பாங் லானை, மீசைக்காரரை, உன்னை, வானத்தில் இடித்த இடியை என்று ஒருவர் பாக்கியில்லாமல் திட்டினேன். குற்றவாளி என் மோதிர விரல். துடைத்த குழியில் அட்டையைச் செருகித் தட்டினேன். நினைவகக் குச்சி இருக்கிறது என்றது. உன் வீட்டுக்காரர் கைதட்டினார். நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு சரியாக வரவில்லை.

பாங் லான் கெலந்தானிலிருந்து திரும்பியதும், உன் வீட்டுக்காரர் லாரியிலிருந்து எடுத்துத் தந்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் கிளாஸின் ஆவி கொஞ்சம் அழிந்திருந்தது. அதைப் புதுப் பாடத்துக்குள் சேர்த்துத் தந்தார். இந்தத் தடவை காலையில், வெயில் இருக்கும்போது, முதலில் தே குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இருந்ததைப் பென்டிரைவில் எடுத்து வைத்தேன். இரண்டு தடவை எடுத்து வைத்தேன். பிறகுதான் ஏற்றினேன். வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டினேன்.

'அவசரக்குடுக்கை! பட்டனைத் தொடாதே. போய்த் தே...'

அவ்வளவுதான். வேலைத் திரை வந்துவிட்டது. ஆறு நொடி இருக்குமா? பாங் லான் சொன்னது உண்மை, இந்தக் குச்சி என்னைவிட வேகம்.

"அலமாக், அதுக்குள்ளயா?" என்றார் உன் வீட்டுக்காரர். "படிச்சுக்கூட முடிக்கலியே."

"அணைச்சு அணைச்சுப் போடவாண்ணே?"

"வேணாம், வேணாம். பட்டனைத் தொடாதேன்னு இப்பத்தான சொல்லிட்டுப் போறா."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பாய் மறுபடி எட்டிப் பார்த்தார். என்னைப் பொறுமையாக இருக்கச் சொன்ன உன் கையெழுத்தே இப்போது பறக்கிறது. எனக்கு எரிச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு பாடுபட்டு உன்னைத் திரும்பக் கொண்டுவந்தது ஆறு நொடி பார்க்கவா? மெதுவாக்க வழி உண்டா என்று பாங் லானைக் கேட்டேன். உலகத்திலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நான்தானாம்.

இப்போது தினமும் காலையில் தட்டிவிடுகிறேன். உன் கிளாஸ் வந்து போகிறது. நான் மீதியைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு, வழக்கம்போலப் பாய் கடைக்கு நடக்கிறேன். அவசரமில்லாமல் ஒரு தே தாரிக். எதிரே காலி நாற்காலிக்கு பாயே ஒரு தே ஓ கொண்டுவந்து வைத்துவிடுகிறார், ஆறும்வரை அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் கணினி எப்போதோ எழுந்து உட்கார்ந்திருக்கும். முன்னெல்லாம் அதற்காக நான் காத்திருந்தேன். இப்போது அது எனக்காகக் காத்திருக்கட்டும்.